கை கழுவின கணக்கு

பாடாலூரில் டீ மாஸ்டர் கிளாஸைச் சரியாக அலசவில்லை என்றால் நாம் சும்மா விடுவதில்லை. ‘அண்ணே, இன்னொரு தரம் கழுவுங்க’ என்போம். அதே நாம், ஊசி போட வரும் நர்ஸிடம் ‘கை கழுவினீங்களாம்மா?’ என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை.

இதே திருச்சி - சென்னை ரோட்டில் கொஞ்சம் வடக்கே போனால் பெரம்பலூர். 2008 ஜூலையில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்துக் கடுவனூரில் இலவச கண் முகாம் நடத்திய திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை, ஏழை ஜனங்களைப் பெரம்பலூர் கிளைக்கு அழைத்து வந்து கண்புரை ஆபரேஷன் செய்தது. கிருமி தொற்றி 66 பேருக்குப் பார்வை போனது. சி.பி.ஐ. விசாரித்தது. 2021-ல் திருச்சி கோர்ட் மூன்று பேருக்கு ஓராண்டு சிறை விதித்தது. தீர்ப்பு வர 13 வருஷம்!

வியன்னாவில் செம்மல்வைஸ் என்கிற டாக்டர், குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் பிரசவம் பார்க்கவேண்டும் என்று 1847-லேயே கறாராகச் சொன்னார். வார்டில் 18 சதவீதமாக இருந்த தாய்மார் சாவு இரண்டே மாதத்தில் 2 சதவீதமானது. ஆக, இது தெரியாத விஷயம் இல்லை.

பின்னே ஏன் நடப்பதில்லை? நர்ஸ்களைத் திட்டாதீர்கள். நான் பி.காம். ஆசாமி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராத்திரி டியூட்டியில் 20 படுக்கைக்கு ஒரே நர்ஸ் என்று வையுங்கள். ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன் ஒரு தடவை, தொட்டபின் ஒரு தடவை. மருந்துத் திரவம் தேய்க்க தடவைக்கு அரை நிமிஷம். ஒரு சுற்றுக்கு 20 நிமிஷம் கைக்கே போய்விடும். சோப்பு என்றால் இரண்டு மடங்கு. இந்த நேரத்துக்கு எந்த நர்ஸிங் ஹோம் முதலாளி ஆள் போட்டிருக்கிறார்? ரிசப்ஷனில் கிரானைட் பளபளக்கிறது. வார்டு குழாயில் தண்ணீர் வருகிறதா, பாருங்கள். ஒரே கிளவுஸோடு பத்துப் படுக்கை சுற்றினால், அது காப்பாற்றுவது போட்டவர் கையை மட்டும்தான். உங்களை அல்ல.

தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1997-ல். அதற்கு விதிகள் வந்தது 2018-ல். சட்டம் வந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் வந்து நிற்கப்போவதில்லை. நிற்பது நீங்கள்தான். அதனால் டீக்கடையில் கேட்கிற மாதிரி அங்கேயும் கேளுங்கள், மரியாதையாக. நர்ஸிடம் கேட்டுவிட்டு, ‘ராத்திரிக்கு எத்தனை பேர் டியூட்டி?’ என்று முதலாளியிடமும் கேளுங்கள்.

கை கழுவுவதற்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. முதல் அர்த்தத்தில் கழுவாதவர்கள்தான், பிறகு இரண்டாவது அர்த்தத்தில் கழுவுகிறார்கள்.