எழுத்தில் இல்லாத நரி

பாட் ஹட்சின்ஸ் எழுதிப் படமும் வரைந்த 'ரோஸீஸ் வாக்' 1968-இல் வெளிவந்தது. கதை முழுவதும் ஒரே வாக்கியம்தான்; ஆங்கிலத்தில் 32 சொற்கள். ரோஸி என்ற கோழி முற்றத்தைக் கடந்து, குளத்தைச் சுற்றி, வைக்கோல்போர் மேலேறி, மாவு மில் பக்கமாகப் போய், வேலிக்குள் நுழைந்து, தேன்பெட்டிகளுக்கு அடியில் நடந்து, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறது. எழுத்தை மட்டும் வாசிக்கும் பெரியவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, "இதுல என்ன இருக்கு?" என்பார். மடியில் இருக்கும் குழந்தை ஆரம்பத்திலேயே கத்திவிடும்: "நரி! பின்னாடி நரி வருது!"

நரி என்ற சொல் அந்தக் கதையில் எங்கும் இல்லை. படத்தில் மட்டும் அது கோழியின் பின்னாலேயே வருகிறது. எழுத்துள்ள பக்கத்தில் நரி பாயத் தயாராகும். பக்கத்தைத் திருப்பினால் அங்கே எழுத்தே இருக்காது. நரிக்கு நேர்ந்த கதி மட்டும் இருக்கும். சருகு வாரும் கோலை மிதிக்க, அதன் கைப்பிடி நிமிர்ந்து மூக்கில் அடிக்கிறது. அடுத்த தடவை குளத்தில் விழுகிறது. அதற்கடுத்து வைக்கோலில் புதைகிறது. மாவு மூட்டை தலையில் கொட்டுகிறது. கடைசியில் தேனீக்கள் துரத்துகின்றன. ரோஸி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நல்ல படப்புத்தகம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான். எழுத்து பாதிக் கதையைச் சொல்லும், மீதியைப் படம் தன்னிடம் வைத்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை அந்த மீதியைப் பிடித்துவிடுகிறது. எழுத்து தெரிந்த நாம் வரிகளை ஓட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறோம். ஆகவே படப்புத்தகத்தை ரசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் பெரியவர்கள்தாம். குழந்தைக்கு அது ஏற்கெனவே தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து, அது காட்டும் இடத்தைப் பார்க்கும் பொறுமை நமக்கு வந்தால் போதும்.

முதலில் வேகத்தைக் குறையுங்கள். அட்டையைப் பார்த்துவிட்டு உடனே கதைக்குப் போய்விடாதீர்கள். அட்டையைத் திறந்ததும் ஒட்டியிருக்கும் உள்தாள், தலைப்புப் பக்கம், ஏன், பதிப்பு விவரம் அச்சான பக்கத்தில்கூட ஓவியர் ஏதாவது ஒளித்து வைத்திருப்பார். படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கம்தான். பெரிய தாளின் இருபுறமும் அச்சடித்து மடித்து வெட்டும்போது பக்கங்கள் எட்டு, பதினாறு என்ற கணக்கில் வருவதால் ஏற்பட்ட வழக்கம் அது. இடம் அவ்வளவு குறைவு என்பதால் எந்தப் பக்கமும் சும்மா நிரப்பப்பட்டதாக இருக்காது.

மாரிஸ் செண்டாக்கின் 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' (1963) இதைக் காட்டுவதற்கு நான் எப்போதும் எடுக்கும் புத்தகம். சேட்டை செய்த மாக்ஸைச் சாப்பாடு இல்லாமல் படுக்க அனுப்புகிறாள் அம்மா. அவன் அறை காடாகிறது, படகேறி மிருகங்களின் தீவுக்குப் போய் அரசனாகித் திரும்புகிறான். கதையை விட்டுவிட்டுப் படங்களின் அளவை மட்டும் கவனியுங்கள். தொடக்கத்தில் படம் வெள்ளைத் தாளின் நடுவே சின்னதாக அடங்கியிருக்கிறது. மாக்ஸின் கோபம் கற்பனையாக வளர வளரப் படமும் வளர்கிறது. ஒரு பக்கத்தை நிறைத்து, எதிர்ப்பக்கத்துக்கும் வழிந்து, கடைசியில் எழுத்தை முழுவதுமாக வெளியே தள்ளிவிடுகிறது. மிருகங்களோடு மாக்ஸ் கூத்தடிக்கும் மூன்று இரட்டைப் பக்கங்களில் ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த இடத்தில் நீங்களும் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். குழந்தை ஆடட்டும், கத்தட்டும். அந்தப் பக்கங்கள் இருப்பதே அதற்காகத்தான்.

பிறகு படம் சுருங்கத் தொடங்குகிறது. ஆனால் வீடு திரும்பிய மாக்ஸின் அறை பழையபடி சின்னச் சதுரத்துக்குள் அடைபடுவதில்லை. பக்கத்தின் விளிம்புவரை நிறைந்து நிற்கிறது. ஜன்னலைப் பாருங்கள். அவன் அறைக்குள் அனுப்பப்பட்டபோது வெளியே பிறைநிலா. திரும்பி வந்தபோது முழுநிலா. எழுத்து இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அதற்கும் அடுத்த பக்கத்தில், கதையின் கடைசிச் சில சொற்கள் படமே இல்லாமல் தனியாக நிற்கின்றன. "நிலா பெரிசாயிடுச்சே" என்று உங்கள் குழந்தை சொன்னால், ஏன் என்று விளக்க வேண்டாம். "ஆமா, நான் கவனிக்கவே இல்ல" என்று சொன்னால் போதும். அடுத்த புத்தகத்தில் அது இன்னும் உன்னிப்பாகப் பார்க்கும்.

வாசிக்கும்போது குரலை அடக்காதீர்கள். சென்னையைச் சேர்ந்த அசோக் ராஜகோபாலன் எழுதி வரைந்து தூலிகா வெளியிட்ட 'கஜபதி குலபதி' புத்தகத்தில் யானைக்குச் சளி பிடித்துத் தும்மல் வருகிறது. அந்தத் தும்மலை மெல்லிய குரலில் வாசிப்பவரைக் குழந்தை மன்னிக்காது. யானை தும்முகிற மாதிரியே தும்முங்கள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டாலும் பரவாயில்லை. 1996-இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, தன் படப்புத்தகங்களை ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் கொண்டுவருகிறது. வாங்கப் போனால் தமிழ்ப் பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். பாட்டி வாசித்துக் காட்டுவதற்கு வேறு என்ன வழி?

சில புத்தகங்களைக் கண்ணால் மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். எரிக் கார்லின் 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்' (1969) புத்தகத்தில் புழு தின்ற பழத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். காகிதத்தில் துளை போடும் கருவியோடு விளையாடிக்கொண்டிருந்தபோது கார்லுக்குத் தோன்றிய யோசனை அது. முதலில் அவர் யோசித்தது புத்தகப்புழுவைத்தான். பதிப்பாசிரியர் ஆன் பெனடூஸ் கம்பளிப்புழுவாக்கலாமே என்றதும் பட்டாம்பூச்சி முடிவு கிடைத்துவிட்டது. திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய் என்று பழம் கூடக்கூடப் பக்கத்தின் அகலமும் கூடும். குழந்தையின் சுண்டுவிரல் அந்த ஓட்டைக்குள் போய் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அந்த விரலைத் தடுக்காதீர்கள். புத்தகம் கிழிந்தால் செலோ டேப் ஒட்டிக்கொள்ளலாம்.

நம் ஊரிலேயே அதைவிடப் பெரிய அதிசயம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தில் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்திருக்கிறார்கள். கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறமாகக் கையால் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த புத்தகம் அது. திறந்ததும் மையின் வாசனை வரும். விரலால் தடவினால் மை தாளைவிடச் சற்று உயர்ந்திருப்பது தெரியும். கோண்டு ஓவியர் ஒவ்வொருவருக்கும் உருவத்தின் உள்ளே நிரப்பும் கோலம் தனி. ஒருவர் புள்ளிகளால் நிரப்பினால் இன்னொருவர் சிறு கோடுகளால் நிரப்புவார். அந்தக் கோலத்தை வைத்து 'இது யார் வரைஞ்ச மரம்?' என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை ஐந்து வயதுக் குழந்தையோடு ஆடிப் பாருங்கள், அது உங்களை எளிதாக ஜெயித்துவிடும். விலை கொஞ்சம் அதிகம்தான். சென்னைக்காரர்கள் திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸின் புத்தகக் கட்டடத்துக்கே போய்ப் புரட்டிப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் 'புக்ஸ் ஃபார் சில்ரன்' வெளியீடுகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படப்புத்தகங்களை இலவசமாகவே வாசிக்கலாம். போனில் வாசிப்பதில் பக்கத்தைத் திருப்பும் சுகம் இல்லை என்பது மட்டும்தான் குறை.

ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்கும் குழந்தையைக் கண்டு சலித்துக்கொள்ள வேண்டாம். முதல் தடவை நரியைப் பார்த்த குழந்தை, அடுத்தடுத்த தடவைகளில் கொட்டப்போகும் மாவு மூட்டையை முன்கூட்டியே பார்க்கிறது. விழப்போகும் இடம் தெரிந்தபின் நரியைப் பார்ப்பது வேறொரு சந்தோஷம். கூடவே உட்கார்ந்து பார்ப்பவருக்கும் அது கிடைக்கும்.

குழந்தைக்கு ஒரு புத்தகம் பிடித்துப்போனால், அட்டையில் இருக்கும் பெயர்களை வாசித்துக் காட்டுங்கள். பல படப்புத்தகங்களுக்குப் பெற்றோர் இரண்டு பேர். 'தி வொய்-வொய் கேர்ள்' எழுதியவர் மகாஸ்வேதா தேவி; படம் கன்யிகா கினி. முதல் பெயரைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவது நம்மிடம் ஊறிய பழக்கம். அம்புலிமாமா இதழில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் யாருடைய கையில் உருவானார்கள் என்று அதை வாசித்து வளர்ந்த எத்தனை பேருக்குத் தெரியும்? முருங்கை மரத்திலிருந்து இறக்கிய உடலைத் தோளில் சுமந்து, கையில் வாளோடு நடக்கும் அந்த அரசனைப் பல பத்தாண்டுகள் வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 2020-இல்தான் மறைந்தார். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த லட்சக்கணக்கான பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. நம் பிள்ளைகளுக்காவது இதை மாற்றலாம்.

எழுதுபவர்களையும் வரைபவர்களையும் நேரில் பார்க்க இன்று வாய்ப்பு நிறைய. புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி நடத்தும் சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி வரும். மாலை வேளைகளில் சிறார் எழுத்தாளர்கள் அரங்குகளில் உட்கார்ந்திருப்பார்கள். மாவட்டப் புத்தகத் திருவிழாக்களில் கூட்டம் குறைவு, பேச நேரம் அதிகம். சாகித்ய அகாடமி 2010 முதல் வழங்கும் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதி, மு. முருகேஷ், உதயசங்கர், யூமா வாசுகி போன்றவர்களின் கதைகள், படப்புத்தகத்திலிருந்து அடுத்த படி ஏறும் பிள்ளைகளுக்கு ஏற்றவை.

சந்திக்கப் போகும்போது புதுப் பிரதியைக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் வாசித்து வாசித்து முனை மடங்கி, சாம்பார்க் கறை பட்ட பிரதியையே குழந்தையின் கையில் கொடுங்கள். எழுதியவருக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. முன்பொருமுறை என் அண்ணன் மகள் ஓர் ஓவியரிடம் தன் புத்தகத்தை நீட்டினாள். அவர் அவளுடைய பெயரைக் கேட்டார். அவள் பதில் சொல்லாமல் பக்கத்தைத் திருப்பி, மூலையில் கட்டைவிரல் நகம் அளவு இருந்த எறும்பைத் தொட்டுக் காட்டி, "இது எங்க போகுது?" என்றாள். அவர் பேனாவை வைத்துவிட்டார். "இதை இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லடா" என்று சொல்லி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அந்த எறும்பு போய்ச் சேர்ந்த வீட்டை வரைந்து கொடுத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பொறுமையாகவே காத்திருந்தார்கள்.

ஆகவே கேள்வியை நாம் எழுதிக் கொடுக்கக் கூடாது. "அங்கிளுக்குப் பாட்டுப் பாடிக் காட்டு", "கதையோட நீதி என்னன்னு சொல்லு" என்று தள்ளவும் கூடாது. அம்மாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஒளிந்துகொள்ளட்டும். புத்தகத்தை எழுதியது ஒரு மனிதர், அவருக்கும் மூக்குக்கண்ணாடி உண்டு, கையில் மைக்கறை உண்டு என்று பார்ப்பதே குழந்தைக்குப் பெரிய செய்தி. கேள்வி கேட்கும் பிள்ளையாக இருந்தால் செய்முறையைக் கேட்கும்படி சொல்லலாம்: எதால் வரைந்தீர்கள், முதலில் வந்தது படமா கதையா, வேண்டாம் என்று தூக்கிப்போட்ட படம் ஏதாவது உண்டா? செல்ஃபி கடைசியில் எடுத்துக்கொள்ளலாம்.

ஹட்சின்ஸ், செண்டாக், கார்ல் மூவரும் இப்போது இல்லை. இருந்தாலும் அவர்களைச் சந்திக்க வழி உண்டு. கார்ல் மெல்லிய டிஷ்யூ தாளில் தானே வண்ணம் பூசி, காயவைத்து, வெட்டி ஒட்டித்தான் புழுவைச் செய்தார். பட்டம் செய்யும் மெல்லிய தாளும் போஸ்டர் கலரும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நீங்களும் செய்யலாம். பழைய பிரஷ், பஞ்சு, விரல் என்று எதனால் தேய்த்தாலும் ஒவ்வொரு தாளும் வேறு வேறாக வரும். காய்ந்தபின் வெட்டி ஒட்டிப் பார்த்த குழந்தை, மறுபடி அந்தப் புத்தகத்தைத் திறந்தால் புழுவின் பச்சைக்குள் இருக்கும் தூரிகைத் தடங்களைத் தானே கண்டுபிடிக்கும்.

இருப்பவர்களுக்குக் கடிதம் எழுதலாம். ஒரு சிறுவன் அனுப்பிய படத்துக்குப் பதிலாகச் செண்டாக் ஒரு அட்டையில் மிருகம் ஒன்றை வரைந்து அனுப்பினாராம். அட்டை மிகவும் பிடித்துப்போய்ப் பையன் அதைத் தின்றுவிட்டான் என்று அவன் அம்மாவிடமிருந்து பதில் வந்தது. தனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டுகளில் ஒன்று அது என்று செண்டாக் சொல்லியிருக்கிறார். பதிப்பகத்தின் முகவரி புத்தகத்தின் முதல் பக்கங்களில் இருக்கும். குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், படத்தை அது வரையட்டும். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம், யானைக்கு ஐந்து கால் இருந்தாலும் தொட வேண்டாம். உறையின் மேல் உங்கள் முகவரியைத் தெளிவாக எழுதி, பதிலுக்கு ஒரு தபால்தலையும் உள்ளே வையுங்கள்.