ஒரு நாவலும் ஒரு நிறமாலையும்

ஆங்கில எழுத்தாளர் மார்க் ஹேடனின் 'தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்' 2003ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல். கதை சொல்பவன் கிறிஸ்டோபர் என்னும் பதினைந்து வயதுப் பையன். ஸ்விண்டன் நகரில், அண்டை வீட்டு நாயைக் கொன்றவர் யாரெனத் துப்பறியப் புறப்படுகிறான். அத்தியாயங்களுக்கு 2, 3, 5, 7 எனப் பகா எண்களையே இட்டிருக்கிறான். கணித மாணவர்களுக்கு இதுவே ஒரு விருந்து.

நாவலுக்குள் எங்கும் அவனது நிலைக்குப் பெயர் சொல்லப்படவில்லை. பதிப்பாளர்தாம் அட்டையில் 'ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம்' என்று அச்சிட்டார். அதனால் இக்கதை பலருக்கு அறிகுறி காட்டும் கையேடாகிவிட்டது. அந்தத் தகுதி இதற்கு உண்டா என்பதே நம் கேள்வி.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944இல் நான்கு சிறுவர்களைப் பற்றி விவரித்து எழுதினார். லண்டன் மருத்துவர் லோர்னா விங் 1981இல் அவர் பெயராலேயே இந்நிலையை அறிமுகப்படுத்தினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது கையேட்டில் அத்தனிப் பெயரை நீக்கி, 'ஆட்டிச நிறமாலை' என்பதற்குள் அடக்கியது. இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரே படமோ இதைக் காட்டாது. குழந்தையை உற்றுநோக்குவதே வழி. நோக்குபவரின் கண்தான் இங்கே கருவி.

அக்கருவியை நாவல் சில இடங்களில் நன்றாகவே தீட்டித் தருகிறது. மிட்டாய்க் குழாயைத் திறந்தால் உள்ளே பென்சில் இருக்கிறது. இப்போது அம்மா வந்தால் உள்ளே என்ன இருப்பதாக நினைப்பார்? 'பென்சில்' என்கிறான் சிறுவன் கிறிஸ்டோபர். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இரயில் நிலையத்து அறிவிப்புப் பலகைகளும் இரைச்சலும் ஒன்றாய் மோத அவன் திணறும் பகுதியும் உண்மையானது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கிறிஸ்டோபருக்கு 7,057 வரை எல்லாப் பகா எண்களும் மனப்பாடம்; உயர்நிலைக் கணிதத் தேர்வில் முதல் தரம் பெறுகிறான். ஆட்டிசமுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் இத்தகைய மேதைகள் அல்லர். இந்நாவலை அளவுகோலாகக் கொள்ளும் ஆசிரியர் வகுப்பில் மேதையைத் தேடுவார். கடைசி வரிசையில் இருப்பவனைத் தவறவிடுவார். 'காதைத் தீட்டிக்கொண்டு கேள்' என்றால் பொருள் புரியாமல் விழிப்பவன். மணியடித்தால் காதைப் பொத்துபவன். பாடவேளை மாறினால் கலங்குபவன். தனக்குப் பிடித்த ஒன்றையே பேசி, கேட்பவரின் சலிப்பை உணராதவன். தோழர் வேண்டுமென ஏங்கியும் பழகும் வழியறியாதவன். அவனுக்கு வழக்கமாகக் கிடைப்பது 'திமிர் பிடித்தவன்' என்ற பட்டமும் தண்டனையுமே. சிறுமியரோ பிறரைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளப் பழகிவிடுவதால் இன்னும் எளிதாகக் கண்ணில் படாமல் போகிறார்கள்.

இவற்றுள் ஒன்றிரண்டைக் கண்டதும் நாமே முடிவு கட்டிவிடலாகாது. இளவயது முதல் பல அறிகுறிகள் சேர்ந்திருந்து, அன்றாட வாழ்வுக்கு இடர் தந்தால், குழந்தை மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ காட்ட வேண்டும். முடிவு அவர்களுடையது.

நிறமாலை என்பது நாம் இயற்பியலில் அறிந்த சொல். ஒரே நிறத்தைக் கண்டவர் நிறமாலையைக் கண்டவராகார். ஹேடன் காட்டுவது ஒரு நிறம், அழகாகவே காட்டுகிறார். கதையாக இதை எல்லோரும் படிக்கலாம். ஒரு குழந்தையை அளக்கும் கோலாக மட்டும் இதைக் கையில் எடுக்க வேண்டாம்.