சத்திரத்தானும் காப்பீட்டு அட்டையும்

மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே இன்று மூன்றாம் ஆள் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் காப்பீட்டு நிறுவனத்தார். முன்பு இருவரிடையே நிலவிய நம்பிக்கையைக் காப்பீடு வந்து கெடுத்துவிட்டது என்று நம் சபையோர் பலர் வருந்துகின்றனர். இவ்வருத்தம் எவ்வளவு நேர்மையானது என்று ஆராய நாம் கடமைப்பட்டுள்ளோம்.

காவிரிப் படுகையில் அப்பழைய உறவு எத்தகையது? தஞ்சை நகரின் ராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரே இதற்கு ஓரளவு விடை கூறும். கொடுத்தவரின் பெயர் வாயிலில் நின்றது. பெற்றவர் கைகட்டி நின்றார். தனியார் மருத்துவரை நாடிய கூலியாள் பண்ணையாரிடம் கடன்பட்டார். அன்றேல் மனைவியின் தோட்டை அடகு வைத்தார். அவருடைய பணிவையே நாம் நம்பிக்கை என்று பெயரிட்டு அழைத்தோம். 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் ஆலைத் தொழிலாளருக்குக் காப்பளித்தது. நாற்று நட்ட கைகளுக்கு அளிக்கவில்லை.

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தபின், காப்பு குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாயாயிற்று. கடன்படாமல், அட்டையோடு மருத்துவமனைக்குள் நுழையும் உரிமை எளியவருக்குக் கிடைத்தது. காப்பீடு செய்துகொண்டவருக்காக நிறுவனம் கட்டணம் செலுத்தினாலும் அச்சிகிச்சை நுகர்வோர் சட்டத்தின்கீழ்ச் சேவையே என்று 1995இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. நோயாளி கேள்வி கேட்கலாம் என்பதே இதன் பொருள். இதனை இழப்பென்று நாம் புலம்பலாகாது.

எனினும் மறுபக்கமும் உண்டு. சிகிச்சைக்கு நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் பட்டியலில் ஒரு தொகை உண்டு. மருத்துவரின் கண் நோயாளியைவிட்டுப் பட்டியலுக்குத் திரும்புகிறது. இத்திட்டங்கள் பெரும்பாலும் உள்நோயாளிக்கே பணம் தருகின்றன. நீரிழிவுற்ற நடவுப் பெண்ணின் பாதத்தைக் குனிந்து பார்த்து அறிவுரை கூறும் கால் மணி நேரத்திற்குப் பட்டியலில் தொகையில்லை. பாதம் அழுகியபின் செய்யும் அறுவைக்கு உண்டு. அறுவை தமக்குத் தேவையா, மருத்துவமனைக்குத் தேவையா என்று நோயாளி ஐயுறுகிறார். பழைய பணிவு நீங்கியது. அவ்விடத்தில் நம்பிக்கை இன்னும் வளரவில்லை.

நல்ல சமாரியனின் உவமையை இங்கு நினைவுகூர்வோம். சத்திரத்தானிடம் பணம் கொடுத்த அவனும் மூன்றாம் ஆளே. ஆனால் முதலில் தன் கையால் காயங்கட்டினான். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்களித்தான். காப்பீட்டு நிறுவனம் பணம் தருகிறது. காயத்தைக் கண்டதில்லை, திரும்பி வருவதுமில்லை. அதனிடம் அன்பை எதிர்பார்ப்பது நம் பிழை.

ஆகவே காப்பீட்டைப் பழிப்பது திருச்சபையின் பணியன்று. படிவத்தின் முன் திகைத்து நிற்பவரோடு ஆயர் உடன் நிற்கட்டும். வீடு திரும்பியவரைச் சபையார் மீண்டும் சென்று காணட்டும். வெளிநோயாளிக்கும் காப்பு வேண்டுமென்று நாம் அரசிடம் கேட்போம். நம் கிறிஸ்தவ மருத்துவமனைகளும் சத்திரங்களே. பட்டியலில் இல்லாத அந்தக் கால் மணி நேரத்தை அவை இன்று யாருக்கு அளிக்கின்றன என்ற கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.