ஒரு வாழைப்பழ இடைவெளி

'தி ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்' (2006) படத்தை இரண்டாவது தடவை பார்த்தேன். டக்ளஸ் மெக்கினன் இயக்கியது. கிரேம் ஓப்ரீ என்ற ஸ்காட்லாந்து சைக்கிள்காரரின் நிஜக் கதை. ஓப்ரீயாக ஜானி லீ மில்லர் நன்றாகவே மிதிக்கிறார். குறை அவரிடம் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: சைக்கிள் உலகில் 'ஒரு மணி நேர ரெகார்ட்' என்று ஒன்று உண்டு. வட்ட டிராக்கில் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள், அவ்வளவுதான். 1984-ல் இத்தாலியின் மோசர் போனது 51.151 கி.மீ. ஒன்பது வருஷம் யாராலும் அதை அசைக்க முடியவில்லை. 1993 ஜூலையில் ஓப்ரீ, தன் கையால் செய்த சைக்கிளோடு நார்வேயில் உள்ள ஹமாருக்குப் போய் இறங்கினார்.

அந்த சைக்கிளைப் பற்றித்தான் பேச வேண்டும். பெயர் 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்'. முழங்கால் இடிக்கக்கூடாது என்று மேல் பார் கிடையாது (நம்மூரில் 'லேடீஸ் சைக்கிள்' என்று கேலி செய்திருப்பார்கள்). முன் போர்க்குக்கு இரண்டு கால் இல்லை, ஒற்றைக்கால். ஹேண்டில்பார் நெஞ்சுக்கு அடியில். இரண்டு பெடலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒரு வாழைப்பழ அளவு போதும் என்று தீர்மானித்தார். அந்த ஒடுக்கமான இடத்தில் போட்டது வாஷிங் மெஷின் பேரிங்!

பத்திரிகைகள் அந்த வாஷிங் மெஷினை மட்டும் பிடித்துக்கொண்டன. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று ஓப்ரீயே பிற்பாடு வருத்தப்பட்டார். படமும் அதே தப்பைத்தான் செய்கிறது. அவர் யோசித்தது என்ன? நிமிஷத்துக்கு 1,200 சுற்று சுற்றுகிற இடத்தில் மட்டமான பேரிங் போட்டிருக்க மாட்டார்கள் என்பது. பாதி சரி. வேகம் வேறு, பாரம் வேறு. பெடல் நிமிஷத்துக்கு நூறு சுற்றுதான் சுற்றும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் ஆளின் முழு பலமும் இறங்கும். இந்தக் கணக்கைப் படத்தில் யாராவது ஒருவர் பேசியிருக்கலாம். பதிலாக நமக்குக் கிடைப்பது தீப்பொறி, கண்ணாடி, பின்னணி இசை. நம் ஊர்ப் படத்தில் ஒரே பாட்டில் ஹீரோ பணக்காரனாவான் இல்லையா, அந்த ரகம்.

சைக்கிள் செய்வதில் பற்றவைப்பது பாதி வேலைதான். மீதி பாதி, அது தாங்குமா என்கிற கேள்வி. குழாயின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. சூடு கொஞ்சம் அதிகமானால் ஜாயிண்ட்டை ஒட்டிய இடம் பலவீனமாகும். வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். ஐரோப்பியத் தர விதிப்படி ரேஸ் சைக்கிள் ஃபிரேமை மெஷினில் மாட்டி, 1,100 நியூட்டன் விசையில் (112 கிலோ ஆசாமி பெடல் மேல் ஏறி நிற்கிற மாதிரி) ஒரு லட்சம் தடவை மிதிக்கவைப்பார்கள். இன்னொரு சோதனையில் 22.5 கிலோ எடையை அதன் மேல் போடுவார்கள். ஓப்ரீயிடம் இருந்த டெஸ்டிங் மெஷின் ஓப்ரீதான். ஒற்றைக்கால் போர்க் 50 கி.மீ. வேகத்தில் முறிந்தால் முகம்தான் முதலில் தரைக்குப் போகும். படத்தில் இந்தப் பயம் ஒரு ஃபிரேமில்கூட இல்லை.

'கைவேலை, எஃகு, ஆஹா' என்று சொக்கிப்போகிறவர்களுக்கு ஒரு தகவல். 1997-ல் 'டூர்' என்ற ஜெர்மன் பத்திரிகை பன்னிரண்டு உயர்ரக ஃபிரேம்களை இப்படி மிதித்துப் பார்த்தது. எஃகு எல்லாம் உடைந்தது. கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டு அலுமினியம், ஒரு கார்பன். எஃகில் வேறு சௌகரியம் இருக்கிறது. ஒரு கேஸ் டார்ச்சும் அரமும் இருந்தால் தனி ஆள் ஒருவரே வேலை செய்யலாம். முறிவதற்கு முன்னால் பெரும்பாலும் விரிசல் விட்டுச் சொல்லும்.

ஹமார் காட்சிகள் பிரமாதம். முதல் நாள், அவருடைய சைக்கிளைப் பார்த்து நேர்த்தியாகச் செய்துகொடுத்த நகலில் ஓட்டித் தோற்கிறார். ராத்திரி தசை இறுகிவிடக்கூடாது என்று தண்ணீராகக் குடித்து, பாத்ரூம் போக எழும்போதெல்லாம் காலை நீட்டி மடக்கி, மறுநாள் காலை பழைய சைக்கிளிலேயே 51.596 கி.மீ.! ஆறே நாளில் கிறிஸ் போர்டுமேன் 52.270 போய் அதை முறியடித்தது வேறு கதை.

மனச்சோர்வைக் காட்டிய விதத்துக்காக இயக்குநருக்கு ஒரு சல்யூட். காட்டுக்குள் கயிற்றோடு போகிறவனிடம் ஆரம்பிக்கிற ஸ்போர்ட்ஸ் படம் வேறு ஏது? ஆனால் 1994-ல் பலேர்மோவில், போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் உட்காரும் முறைக்குத் தடை போட்டார்களே, அந்த இடத்தில் கற்பனையாக ஒரு வில்லன் அதிகாரியை நிறுத்தியது சோம்பேறித்தனம். தடைக்கு எதிர்வாதம் என்ன, ஆதரவாக என்ன, இரண்டையும் கேட்டிருக்கலாம்.

படம் கிடைத்தால் பாருங்கள். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் நேர் எதிரே வரும் இடத்தில் நிறுத்தி, பெடல்களுக்கு நடுவே இருக்கிற அந்த வாழைப்பழ இடைவெளியை ஒரு நிமிஷம் பாருங்கள். படத்தில் அதற்கு அவ்வளவு நேரம் கொடுக்கவில்லை.