பொறியாளர் வரலாறுகளில் பட்டறை

மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் ‘அக்னிச் சிறகுகள்’ நம்மவர் இல்லங்களில் பெரிதும் பரிசளிக்கப்படும் நூல்களுள் ஒன்று. அருண் திவாரியின் துணையோடு 1999-ல் ஆங்கிலத்தில் வெளிவந்து, பின்னர் மு. சிவலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்த நூல் அது. பிள்ளை தேர்வில் நன்றாகத் தேறினால் அதைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் பையன், மின்விசிறியின் உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்டு நச்சரிக்கும் பெண்பிள்ளை ஆகியோரின் கையிலும் அதையே வைக்கிறோம். பரிசுப் புத்தகமாகிவிட்ட நூலைப் பாராட்டுவோர் பலராகவும் ஆராய்வோர் சிலராகவும் இருப்பது இயல்பே. ஆதலால் அந்நூலிடம் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டுப் பார்ப்பது தகும் என எண்ணுகிறோம். சிறுவயதில் பொறிகளின்மீது எழும் ஆசை ஒருவரின் வாழ்நாள் தொழிலாக எவ்வாறு மாறுகிறது என்பதை இந்நூல் நமக்குக் காட்டுகிறதா?

இராமேசுவரத்துப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கொக்குகளும் கடற்காக்கைகளும் பறப்பதைப் பார்த்துத் தாமும் பறக்க ஆசைப்பட்டதாகக் கலாம் எழுதுகிறார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் மேடைப் பேச்சாளர் எல்லாரும் இப்பறவைகளிடமிருந்தே தொடங்குவது வழக்கம். ஆனால் அதே பக்கங்களில் வேறொன்றும் இருக்கிறது. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது தந்தை ஜைனுலாப்தீன், யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்வதற்கென ஒரு மரத்தோணியைக் கடற்கரையிலேயே கட்டினார். பின்னாளில் தம் மருமகனாக வந்த அகமது ஜலாலுத்தீன் உடனிருந்து உதவினார். விறகுத் தீயின் சூட்டில் மரத்தைப் பதப்படுத்தித் தோணி உருவாவதைச் சிறுவன் அருகிலிருந்தே பார்த்திருக்கிறான்.

நூலின் முதல் பட்டறை இதுவே. அதன் முதல் பொறியியல் ஆசிரியர்கள் இவ்விருவருமே. எனினும் நூல் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிந்திய பக்கங்களில் தந்தையார் இறைநம்பிக்கையின் வடிவமாகவும், ஜலாலுத்தீன் அறிவுரை சொல்லும் நண்பராகவும் வருகிறார்களேயன்றி, உளியும் வாய்ச்சியும் பிடித்த கைகளோடு மீண்டும் வருவதில்லை. கடற்கரை ஊர்களில் பிறந்த நம்மவர்க்கு இது ஒரு சிறு ஏமாற்றமே. ஏரா எவ்வளவு நீளம், வங்குகளை எப்படி வளைத்தார்கள், பலகை இடுக்குகளில் கலப்பற்று எவ்வாறு நடந்தது என்றெல்லாம் அறிந்த குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இராக்கெட் கட்டப்போகும் கண்கள் முதன்முதலாக ஒரு கட்டுமானத்தைக் கண்டது அங்கேயன்றோ! பறவையைப் பார்க்கும் பிள்ளைகள் உலகில் எத்தனையோ பேர். மரம் தோணியாவதைத் தொடக்கமுதல் முடிவுவரை பார்த்த பிள்ளைகள் மிகச் சிலரே. கலாம் எப்படி உருவானார் என்பதற்கு விளக்கம் தேடுவோர் இரண்டாவதிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது நம் கருத்து.

ஈண்டு இடையில் ஒரு சொல். அத்தோணியைக் கொண்டுபோன புயலைச் சொல்லுமிடத்தில், பாம்பன் பாலம் பயணிகள் நிறைந்த ரயிலோடு வீழ்ந்ததாக ஆங்கில மூலம் கூறுகிறது. பயணிகளோடு ரயிலைக் கடல் கொண்ட புயலாக நாடறிந்தது 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலேயாகும். அப்போது கலாமுக்கு 33 வயது. இரு புயல்கள் நினைவில் ஒன்றாகியிருக்கலாம். இதைப் பதிப்பாளர்கள் ஓர் அடிக்குறிப்பால் தெளிவாக்கியிருக்க வேண்டும்.

திருச்சிப் பகுதி சிறியது. ஆனால் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டிய செய்தி அங்கேதான் இருக்கிறது. 1950-ல் புனித வளனார் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்த பிறகே, தமக்குரியது இயற்பியல் அன்று, பொறியியலே என்பதை அவர் உணர்கிறார். இண்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலில் சேர்ந்திருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரியவில்லை. ஆசையும் அறிவும் குறைவின்றி இருந்த மாணவனுக்கு, இன்ன வாசலைத் தட்டு என்று சொல்ல ஆளில்லை. மகனைக் கலெக்டராகக் காண விரும்பிய தந்தையைக் குறைகூற இயலாது. அந்நாளில் சிற்றூர் அறிந்த உயர்ந்த உத்தியோகம் அதுவே. இதைக் கலாம் எவ்வித மனத்தாங்கலுமின்றி எழுதுகிறார். அந்நேர்மை போற்றத்தக்கது. அவ்விடத்தில் இன்னும் இரண்டு பக்கம் நின்று பேசியிருந்தால் எத்தனை குடும்பங்களுக்குப் பயன்பட்டிருக்கும்!

சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் சேர அப்போது ஏறக்குறைய 1000 ரூபாய் வேண்டியிருந்தது. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அதைத் திரட்டித் தந்தார். நூலில் மிக உயர்ந்த இடம் இதுவே எனத் தயக்கமின்றிச் சொல்வோம். அலங்காரமில்லாத சில வாக்கியங்கள், உதவித்தொகை பெறும்படி கடுமையாகப் படித்து, சொந்தச் சம்பாத்தியத்தில் நகையை மீட்பேன் என்ற ஓர் உறுதி, அவ்வளவுதான். பொறியியல் கல்வி என்பது பல வீடுகளில் ஒரு பெண்ணின் கழுத்திலும் கையிலும் இருந்து கழன்று வந்தது என்பதை அறியாதார் நம்மிடையே யாருளர்? ஆயினும் அந்த வளையல்களின் பிற்கதையில் நூல் நின்று பேசவில்லை. அச்சகோதரியின் பக்கத்திலிருந்து அந்நாளை எழுதிப் பார்க்க யாரேனும் முன்வருவாராயின் நாம் மகிழ்வோம்.

கழகத்தில், பணி ஓய்வு பெற்ற இரு விமானங்கள் மாணவர் காண வைக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்பும் அவற்றின் அருகில் நெடுநேரம் அமர்ந்திருந்ததாகக் கலாம் சொல்கிறார். உண்மையான ஆசைக்கு அடையாளம் அதுதான். அடுத்து வரும் நிகழ்ச்சி பலரும் அறிந்தது. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் அவருக்குரியது காற்றியக்கவியல் பகுதி. வேலை மோசமாக இருக்கிறதென்று பேராசிரியர் ஸ்ரீனிவாசன் கண்டிக்கிறார். ஒரு மாதம் கேட்ட மாணவனுக்கு மூன்று நாள் தருகிறார். முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுபோகும் என்கிறார். இரவுணவையும் துறந்து வரைபலகை முன் நின்ற மாணவன் முடித்துக் காட்டுகிறான். ஆசிரியர் அணைத்துக்கொள்கிறார்.

படிக்கும்போது நெஞ்சு நெகிழ்கிறது. நூலை மூடிய பின் ஒரு கேள்வி எழுகிறது. முதல் வரைபடத்தில் என்ன தவறு? இறக்கையின் பரப்பா, எடையின் பகிர்வா, வேறேதேனுமா? அம்மூன்று நாட்களில் எதை அழித்தார், எதைத் திருத்தி வரைந்தார்? மிரட்டலும் விழிப்பும் பாராட்டும் நமக்குக் கிடைக்கின்றன. வரைபலகையின்மீது இருந்த தாள் நம் கண்ணுக்குக் காட்டப்படவேயில்லை. எந்தத் துறை மாணவனின் கதையிலும் இதே நிகழ்ச்சியைப் பொருத்திவிடலாம். விமானப் பொறியாளன் ஒருவனுக்கே உரிய நிகழ்ச்சியாக அதை ஆக்கும் ஒன்று விடுபட்டுப் போயிற்று.

இவ்வாறு கேட்பது மிகை என எண்ணுவோர்க்கு, ஜேம்ஸ் நாஸ்மித்தின் தன்வரலாற்றைச் சுட்டுவோம். நீராவிச் சம்மட்டியோடு பெயர் இணைந்த இந்த ஸ்காட்லாந்துப் பொறியாளர் 1808-ல் எடின்பரோவில் பிறந்தார். சாமுவேல் ஸ்மைல்ஸ் பதிப்பித்த அவர் வரலாறு 1883-ல் வெளியாயிற்று. தந்தை ஓவியர், எனினும் வீட்டிலேயே கடைசல் பொறியோடு கூடிய ஒரு சிறு பட்டறை வைத்திருந்தவர். பள்ளிப் பருவத்தில் நாஸ்மித் பம்பரங்களும் சிறு பித்தளைப் பீரங்கிகளும் செய்து தோழர்களிடையே பெயரெடுத்தார். நண்பன் ஒருவனின் தந்தைக்கு இரும்பு வார்ப்படச் சாலை இருந்தது. அதுவே தம் உண்மையான பள்ளிக்கூடம் என்ற முறையில் அவர் எழுதுகிறார்.

வளர்ந்தபின் தம் படுக்கையறையின் கணப்பிலேயே பித்தளையை உருக்கி வார்த்திருக்கிறார். கீழறையில் தந்தையார் உறங்குவார். ஆதலின் வார்ப்பு மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்தும் ஓசை கேளாதபடி மெல்ல மெல்ல வேலை செய்ததாக அவர் சொல்லும்போது, அம்மணலின் ஈரம் நம் விரலிலும் படுகிறது. நீராவி எஞ்சினின் உள்ளமைப்பை வெட்டுத் தோற்றமாகக் காட்டும் மாதிரிகளைச் செய்து, 10 பவுனுக்கு விற்று, அப்பணத்தில் பல்கலைக்கழக வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்தினார்.

ஆசை தொழிலாக மாறும் கணத்தையும் அவர் மறைக்காமல் காட்டுகிறார். 1829-ல் தந்தையோடு இலண்டனுக்குக் கப்பலேறி, அந்நாளைய தலைசிறந்த இயந்திர உற்பத்தியாளர் ஹென்றி மாட்ஸ்லேயிடம் செல்கிறார். பயிற்சி மாணவரைச் சேர்ப்பதை மாட்ஸ்லே நிறுத்திவிட்டிருந்தார். அப்போது நாஸ்மித் தாம் செய்து கொண்டுவந்த சிறு எஞ்சினையும் வரைபடங்களையும் பார்த்தருளுமாறு வேண்டுகிறார். மாட்ஸ்லே பார்க்கிறார், கதவு திறக்கிறது. வாரக் கூலி 10 ஷில்லிங். அதற்குள் வாழ்ந்து காட்ட எண்ணித் தாமே ஓர் அடுப்பைச் செய்துகொள்கிறார். காலையில் இறைச்சியை உள்ளே வைத்துவிட்டுப் போனால், சிறு எண்ணெய் விளக்கின் சூட்டில் மாலைக்குள் பக்குவமாக வெந்திருக்கும். மான்செஸ்டரில் வாடகை மாடியொன்றில் சொந்தத் தொழில் தொடங்கிய பின் நடந்ததோ பெருவேடிக்கை. கனத்த எஞ்சின் உத்தரம் ஒன்று தளத்தைப் பிளந்துகொண்டு, கீழே கண்ணாடி வெட்டும் தொழில் செய்தவரின் இடத்துக்குள் இறங்கிவிட்டது! இப்படிப்பட்ட செய்திகளால் நூல் நிறைந்திருக்கிறது. படிக்கும் பிள்ளைக்கு உடனே ஏதேனும் செய்து பார்க்கக் கை துறுதுறுக்கும்.

நாஸ்மித்தும் குறையற்றவர் அல்லர். தொழிற்சங்கங்களின்மீது அவர் கொண்ட வெறுப்பு பல பக்கங்களைக் கசப்பாக்குகிறது. அவருடைய ஆலையில் வியர்வை சிந்தியவர்கள் பெரும்பாலும் பெயரின்றியே போகிறார்கள். 1839 நவம்பர் 24-ஆம் நாள் நீராவிச் சம்மட்டியை ஏட்டில் வரைந்ததாக அவர் பெருமிதத்தோடு கூறும் இடத்திலும் பிரெஞ்சுக்காரர்களுக்கு வேறு வழக்கு உண்டு. அன்றியும், வீட்டிலேயே கடைசல் பொறி இருந்த பிள்ளையின் கதை அது. அடகுக்குப் போன வளையல் அங்கே இல்லை. அத்தகைய வளையலின் தேவையும் எழவில்லை. இந்த வேறுபாட்டை மறந்து இரு நூல்களையும் ஒரே தராசில் நிறுத்தால் கலாமுக்கு அநீதி இழைத்தவர்களாவோம்.

நம் மரபிலேயே இதற்கு நேர்மாறான ஒரு நூலும் உண்டு. தியார்பக்கிர் ஆண்ட அர்த்துகீ மன்னர்களிடம் 25 ஆண்டுகள் பணிபுரிந்த அல்ஜஸரீ, மன்னரின் ஆணைப்படி 1206-ல் நிறைவு செய்த பொறிகளின் நூல் அது. 1974-ல் டொனால்ட் ஹில் அதை ஆங்கிலத்தில் முழுமையாகத் தந்தார். யானைக் கடிகாரம், நீரிறைக்கும் பொறிகள் என ஐம்பது அமைப்புகளை அல்ஜஸரீ விவரிக்கிறார். அடைப்பான் நீர் கசியாமல் பொருந்தும்வரை குருந்தத் தூள் இட்டுத் தேய்ப்பது போன்ற செய்முறைகளைக்கூட விடவில்லை. வளைகுடாவில் பொறியாளரை ‘முஹந்திஸ்’ என்றழைப்பதை நம் குடும்பங்கள் நன்கறியும். அளவைக் குறிக்கும் பாரசீகச் சொல் ஒன்றின் வழிவந்தது அது. அல்ஜஸரீ அப்பெயருக்கு முற்றிலும் உரியவர். ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு தருகிறார். தம்மைப் பற்றியோ ஏறத்தாழ ஒன்றுமே சொல்வதில்லை. எந்தக் கடற்கரையில், எவர் தோணி கட்டுவதைப் பார்த்து அவர் பொறியாளரானாரோ, யாரறிவார்!

மீண்டும் கலாமுக்கு வருவோம். பட்டறையை எழுத அவருக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. பெங்களூரில் விமான எஞ்சின்களைப் பிரித்துச் செப்பனிடும் பயிற்சி பெற்றதை அவர் எழுதும் சிறு பகுதியில், கிராங்க் ஷாஃப்டின் தேய்மானத்தைச் சோதிக்கக் கற்றதுவரை வருகிறது. வகுப்பில் படித்த விதி கைவேலையில் மெய்ப்படும்போது எழும் மகிழ்ச்சியும் வருகிறது. அவரது முழு ஆற்றலும் வெளிப்படுவது எஸ்.எல்.வி.-3 தோல்வியைச் சொல்லும் இடத்தில். 1979 ஆகஸ்ட் 10-ஆம் நாள் முதற்கட்டம் பழுதின்றி இயங்கியது. இரண்டாங்கட்டம் கட்டுப்பாடிழந்து, 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து கடலில் வீழ்ந்தது. காரணம் என்ன? ஏவுதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன்பே ஒரு வால்வில் அழுக்குச் சேர்ந்து, அது மூடாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்புக்குரிய அமிலம் ஒழுகிப் போயிற்று. விசாரணைக் கூட்டத்தில் எழுந்து பொறுப்பைத் தாம் ஏற்றதை அவர் சொல்கிறார். 1980 ஜூலை 18-ல் ரோகிணி விண்ணேறியதைச் சொல்லும் பக்கங்களைவிட இவையே நம்மை அதிகம் ஆட்கொண்டன. இங்கே பொறியும் இருக்கிறது, அதைச் செய்தவரின் மனமும் இருக்கிறது. நூல் முழுதும் இப்படியே எழுதப்பட்டிருக்குமானால், நாஸ்மித்தைத் தேடி நாம் போயிருக்க வேண்டியதில்லை.

பொறிகளின்மீது ஆசை கொண்ட பிள்ளைக்கு இந்நூலை இனிப் பரிசளிப்போர், அந்த வால்வின் கதை வரும் பக்கத்தில் ஓர் அடையாளத் தாளை வைத்துக் கொடுக்கலாம்.