இரங்கும் உரிமை: ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ புதினத்தில் சட்டமும் நிறமும்

முன்னுரை

ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ புதினம் 1960ஆம் ஆண்டு வெளிவந்து, 1961இல் புலிட்சர் பரிசு பெற்றது. 1930களில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மேகோம் என்னும் கற்பனை ஊரில் கதை நிகழ்கிறது. வெள்ளையினப் பெண்ணான மயெல்லா யூவெலை வன்புணர்ந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்காக வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச் வாதிடுகிறார். அவருடைய மகள் ஸ்கவுட் கதையைச் சொல்கிறாள். பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் பரிவே இப்புதினத்தின் மைய அறம் என்பது பரவலான வாசிப்பு. அப்பரிவைக் கைக்கொள்ளும் உரிமை புதின உலகில் அனைவருக்கும் சமமாக உள்ளதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சான்றும் தீர்ப்பும்

மயெல்லாவின் முகத்தில் வலப்பக்கமே காயம்பட்டுள்ளது. எனவே, அடித்தவர் இடக்கைப் பழக்கமுடையவராக இருத்தல் வேண்டும் என்பது அட்டிகஸின் வாதம். பாப் யூவெல்லை நீதிமன்றத்திலேயே பெயரெழுதச் செய்து, அவளுடைய தந்தையாகிய அவரே இடக்கைப் பழக்கமுடையவர் என்பதை அட்டிகஸ் புலப்படுத்துகிறார். டாமின் இடக்கையோ சிறுவயதில் பருத்தி அரைவை இயந்திரத்தில் சிக்கிச் செயலிழந்தது. இருந்தும் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்கிறது. இது வெறும் கற்பனையன்று. 1931இல் ஒன்பது கறுப்பின இளைஞர்மீது அலபாமாவில் தொடுக்கப்பட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கும் இத்தகைய ஜூரியின் முன்னரே நடந்தது. கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு விலக்குவது அரசியலமைப்புக்கு முரணானது என அவ்வழக்கின் தொடர்ச்சியாக 1935இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குற்றமாகும் இரக்கம்

ஊதியமின்றி மயெல்லாவுக்கு ஏன் உதவினாய் என்று குறுக்கு விசாரணையில் வினவப்படும்போது, அவள்மீது இரக்கம் கொண்டதாக டாம் விடையளிக்கிறார். அந்த விடையே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. கறுப்பினத்தவர் ஒருவர் வெள்ளையினப் பெண்ணுக்கு இரங்கினார் என்பதை அவையினர் ஏற்க இயலாத துணிவாகக் காண்கின்றனர். இரக்கம் மேலிருந்து கீழ்நோக்கியே செல்ல வேண்டும் என்பது அவ்வூரின் எழுதப்படாத விதி. அட்டிகஸ் தம் மகளுக்குக் கற்பித்த அறத்தையே டாமும் பின்பற்றினார். ஸ்கவுட்டுக்குப் பண்பாக அமைந்த அது டாமுக்குக் குற்றமாயிற்று.

இவ்விடத்தில் கதைசொல்லலின் அமைப்பும் கருதத்தக்கது. அரசுத் தரப்பு வழக்கறிஞர் டாமை நடத்தும் விதம் பொறாது சிறுவன் டில் அழுகிறான். ஸ்கவுட் அவனுடன் வெளியேறுகிறாள். எஞ்சிய விசாரணை வாசகருக்குக் கிட்டுவதில்லை. அதன் பின்னர் டாமின் குரல் நேரடியாக ஒலிப்பதுமில்லை. சிறையிலிருந்து தப்ப முயன்று சுடப்பட்டு இறந்தார் என்பதும் பிறர்வழிச் செய்தியாகவே வருகிறது.

மன்னிக்கும் அதிகாரம்

புதினத்தின் இறுதியில் குழந்தைகளைத் தாக்கிய பாப் யூவெல் இறக்கிறார். அவர்களைக் காத்தவர் ஊரார் கண்ணில் படாது வாழ்ந்த வெள்ளையரான பூ ராட்லி. யூவெல் தம் கத்தியின்மீதே விழுந்து இறந்தார் என ஷெரிஃப் ஹெக் டேட் முடிவு செய்கிறார். அட்டிகஸும் இறுதியில் அதற்கு இணங்குகிறார். கூச்ச இயல்புடைய ஒருவரைப் பொதுவெளிக்கு இழுப்பது பாவம் என்பது ஷெரிஃப் கூறும் காரணம். இம்முடிவு மனிதநேயமுடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சான்றை மீறித் தண்டித்த ஜூரியும், விசாரணையே இன்றிக் காத்த ஷெரிஃப்பும் சட்டத்தைக் கடந்த ஒரே வகை அதிகாரத்தையே பயன்படுத்துகின்றனர். அவ்வதிகாரம் டாமைக் கைவிட்டது, பூவைக் காத்தது.

முடிவுரை

இரங்குதல், மன்னித்தல் ஆகிய இரண்டும் மேகோம் ஊரில் வெள்ளையரின் உரிமைகளாகவே உள்ளன. முதலாவதன் அநீதியை நீதிமன்றக் காட்சி வெளிப்படையாகச் சுட்டுகிறது. இரண்டாவதன் சமமின்மையோ இறுதிக் காட்சியின் ஆறுதலில் மறைந்துவிடுகிறது. எனவே இப்புதினத்தைப் பரிவின் காவியமாக மட்டும் பயிற்றுவிப்பது போதாது. யாருடைய பரிவு பண்பாக ஏற்கப்படுகிறது, யாருடையது தண்டிக்கப்படுகிறது என்னும் வினாவையும் வகுப்பறையில் எழுப்புதல் வேண்டும்.