கொத்துக் கொத்தா ரோஜா!

நீளக் காம்பு, நுனியில் ஒரே ஒரு பூ, மேலே செலோபேன் சட்டை. பிப்ரவரியில் தாதர் பூ மார்க்கெட்டில் கட்டுக் கட்டாக இறங்குகிற அந்த ரோஜா எனக்கு வேண்டவே வேண்டாம். ஓசூரில் பாலிஹவுஸ் போட்டு அதை வளர்க்கிறவர்கள் நன்றாக இருக்கட்டும். நவி மும்பை ஐரோலியில் ஒரு ரோ ஹவுஸ், கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவே மூன்றடி அகலத்தில் ஒரு துண்டு மண், அதில் மத்தியானம் வரை வெயில். இவ்வளவுதான் நம் சொத்து என்றால், அதற்கென்றே பிறந்த ரோஜா வேறு. இடுப்பு உயரம்கூட வராது. ஒரு கிளை நுனியில் எட்டு, பத்து, மனசு வந்தால் பதினைந்து பூ. டிசம்பரில் எங்கள் வாசலைக் கடக்கிற ஸ்கூட்டர்கள் வேகம் குறைக்கின்றன என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நானே ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன்!

ஃப்ளோரிபண்டா என்பது இந்தக் கூட்டத்தின் பெயர். அதைவிடக் குட்டையும் சின்னப் பூவுமானது பாலியாந்தா. அதற்கும் கீழே, தேநீர்க் கோப்பைக்குள் அடங்குகிற மினியேச்சர். எங்கள் பக்கத்து நர்சரிக்காரருக்கு இந்தப் பாகுபாடெல்லாம் கிடையாது. சிறிசாக இருந்தால் ‘பட்டன் குலாப்’, கொஞ்சம் பெரிசாக இருந்தால் ‘இங்கிலீஷ் குலாப்’, பெயர் கேட்டால் நிறத்தைச் சொல்வார். பரவாயில்லை. செடியின் முகம் பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டால் போதும். பூவை எண்ணாதீர்கள், அடியைப் பாருங்கள். ஒட்டுப் போட்ட முண்டு தெரிய வேண்டும், அதிலிருந்து மூன்று தடிமனான தண்டாவது திசைக்கொன்றாகக் கிளம்பியிருக்க வேண்டும். நடும்போது அந்த முண்டு மண்ணுக்கு மேலே நிற்கட்டும். அதற்குக் கீழிருந்து வருகிற எந்தத் துளிரும் நமக்கு வேண்டாதது. அது வேர்ச்செடியின் பிள்ளை, விட்டால் வீட்டையே எடுத்துக்கொள்ளும்.

இந்தக் குட்டைச் செடிகளின் பூர்வீகத்தைத் தோண்டப் போய் நான் மயங்கியே விட்டேன். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை வருஷத்துக்கு ஒருமுறை பூத்து ஓய்ந்துவிடும். சீனத்து ரோஜா அப்படியில்லை. பூப்பதை நிறுத்தச் சொல்லும் ஒரு மரபணு அதில் எப்போதோ பழுதாகிவிட்டது. பிரேக் போன வண்டி, பூத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ரத்தமும், கொத்தாகப் பூக்கும் கிழக்காசியக் காட்டு ரோஜாவின் ரத்தமும் கலந்ததில் வந்ததுதான் பாலியாந்தா. 1875-ல் பிரான்சின் லியோன் நகரத்து கியோ குடும்பம் வெளியிட்ட ‘பாக்ரெட்’ அதில் முதலாவது. பிறகு டென்மார்க்கின் பவுல்சன் குடும்பம் பாலியாந்தாவைப் பெரிய பூ ரோஜாக்களோடு சேர்த்தது, ஃப்ளோரிபண்டா பிறந்தது அப்படித்தான். அவர்களுக்கு வேண்டியிருந்தது வடதேசத்துக் குளிர் தாங்குகிற செடி. 1924-ல் வந்த ‘எல்சே பவுல்சன்’ அந்த வரிசையின் நட்சத்திரம். குளிருக்கென்று செய்த இந்தக் குலம் ஐரோலியின் புழுக்கத்தில் கூத்தாடுகிறதே, இதை அவர்கள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்! எங்கள் வாசலில் ஜொலிக்கும் வெள்ளை ‘ஐஸ்பெர்க்’, 1958-ல் ஜெர்மனியின் கோர்டெஸ் கொடுத்தது. இத்தனை வயதாகியும் அதை மிஞ்ச ஒரு வெள்ளை வரவில்லை என்பது என் கட்சி.

நம் ஊர்க்காரர்களையும் சொல்லாமல் விட்டால் பாவம். பி.பி. பால் என்ற பெஞ்சமின் பியரி பால், துரு நோயைத் தாங்கும் கோதுமையை உருவாக்கியவர், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் டைரக்டர் ஜெனரல். அத்தனை பெரிய வேலைக்கு நடுவே ரோஜாவும் கலந்து கலந்து பார்த்திருக்கிறார். அவருடைய ‘டெல்லி பிரின்சஸ்’ ஒரு ஃப்ளோரிபண்டா, அடர் ரோஸ் நிறம். டெல்லி பூசா நிலையத்திலிருந்து வந்த ‘மோகினி’யோ சாக்லேட் சாயலில் பூக்கும். ரோஜாவில் அப்படி ஒரு நிறம் உண்டு என்று சொன்னால் எங்கள் காலனியில் சிரிக்கிறார்கள்.

கொடைக்கானலில் வீரராகவன், கிரிஜா தம்பதி செய்திருப்பது இதையெல்லாம் தாண்டியது. ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ரோஜாவோடு குடித்தனம் நடத்தியவர் வீரராகவன். ஐரோப்பாவில் குளிருக்கென்று வளர்த்த ரோஜாவை நாம் ஏன் வெயிலில் வாட்ட வேண்டும் என்று யோசித்து, நம் மண்ணின் காட்டு ரோஜாக்களைக் கையிலெடுத்தார். அதிலொன்று ரோசா கிளைனோஃபில்லா. வங்காளத்து ஆற்றங்கரைகளில், மழைக்காலத்தில் காலெல்லாம் தண்ணீரில் நின்றபடி வளர்கிற செடி. தேங்கும் தண்ணீரும் வெக்கையும் பொறுக்கிற ரோஜா! ஜூலை மாத ஐரோலிக்கு இதைவிடப் பொருத்தமான சம்பந்தம் கிடைக்குமா? அந்த வம்சத்தில் ஒரு குட்டைச் செடி எங்கள் நர்சரிக்கு வருகிற நாளில் வாசலில் தோரணம் கட்டுவேன்.

அதுவரை மழையோடு நாமேதான் மல்லுக்கட்ட வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற இடம் இது. மனை மண்ணோ, மேலே கட்டட இடிபாடு, கீழே முரும் என்கிற சரளை மண். அதனால் பாத்தியை ஓரடி உயர்த்திக் கட்டினேன். செம்மண், மக்கிய சாணம், தென்னை நார்க்கழிவு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. காபிச் சக்கையும் மக்கிய பிறகு அதில் போகிறது. மாட்டுங்காவில் அரைத்து வாங்கிய தூளாயிற்றே, வீணாக்க மனசு வருமா? மதில்மேல் வைக்கிற தொட்டிகளுக்குப் பிளாஸ்டிக் கிடையாது. தாராவி கும்பார்வாடாவுக்கே போய் மண் தொட்டி வாங்கி, சயானில் ரயிலேறி, தாணேயில் மாறி, லக்கேஜ் டப்பாவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மண் தொட்டியின் சுவர் ஈரத்தைக் கசியவிடும். மழைக்காலத்தில் வேர் அழுகாமல் இருப்பதில் பாதிப் புண்ணியம் அதற்குத்தான்.

இலையில் கரும்புள்ளி விழும். விழுந்த இலையைப் பொறுக்கி வெளியே போட்டுவிட வேண்டும், அடியில் விட்டால் அங்கிருந்தே மறுபடி ஏறும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி விட்டால் காற்று போய் இலை சீக்கிரம் உலரும், நோயும் குறையும். ஏப்ரல், மே வெயிலில் இலைக்கு அடியில் செஞ்சிலந்தி வலை பின்னும். காலையில் பைப்பைத் தலைகீழாகப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் பீய்ச்சினால் அடங்கிவிடும். அவ்வளவுதான் தொல்லை. ஒரு குழந்தை படுத்துவதில் கால்வாசி இல்லை.

அக்டோபர் பாதியில் கவாத்து. இதுதான் வருஷத்தின் பெரிய சடங்கு. பாதி உயரத்துக்கு வெட்டுவேன், மெலிந்த குச்சியெல்லாம் போகும். பக்கத்து வீட்டு காக்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து “காய் கேலஸ் ஹே!” (என்ன பண்ணிட்டே இது!) என்று மராத்தியில் தலையில் கை வைப்பார். வைக்கட்டும். சாணமும் தண்ணீரும் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கருஞ்சிவப்பில் துளிர் வரும், பச்சையாகும், ஆறேழு வாரத்தில் மொட்டு. அந்த நேரம் பார்த்துத் தாணே கழிமுகத்தில் பூநாரைகளும் வந்து இறங்கும். ஐரோலியில் இளஞ்சிவப்பு பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் படகேறுகிறார்கள். வரும் வழியில் எங்கள் வாசலையும் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம்.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். கொத்தில் நடு மொட்டு எப்போதும் முந்திரிக்கொட்டை. மற்றவை கண் விழிக்கும் முன்பே அது மலர்ந்து, வதங்கி, நடுவில் பழுப்பாகத் தொங்கும். அது மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாகும்போதே நகத்தால் கிள்ளிவிடுங்கள். ‘டிக்’ என்று ஒடியும், விரலில் பச்சை வாசம் ஒட்டும். பிறகு பாருங்கள், சுற்றியிருக்கும் மொட்டெல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து விரியும், அந்தக் கிளையே ஒரு பூச்செண்டு! பூத்து முடிந்ததும் கொத்தோடு சேர்த்து, அடியில் முதலில் வரும் ஐந்திலைக்கு மேலே வெட்டினால் அடுத்த சுற்று கிளம்பிவிடும். ஒரே ரகத்தில் நாலைந்து செடியைச் சேர்த்து நடுவதும் முக்கியம். ஆளுக்கொரு நிறமாக நட்டால் ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கும், ஒரே நிறமாக நட்டால்தான் தெருமுனையிலிருந்தே கண்ணைப் பிடிக்கும்.

குறை ஒன்று உண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்த அத்தை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஒரு கொத்தை மூக்கருகே இழுத்து, “ஏட்டி, இவ்வளவு பூத்திருக்கு, மணத்தையே காணோமே?” என்றார்.

“கண்ணுக்கு இது அத்தை. மூக்குக்குத்தான் அந்த ஓரத்துல பன்னீர் ரோஜா வச்சிருக்கேன்லா.”

“தலையில வைக்க?”

“அதுக்கும் அதேதான்.”

அன்றிலிருந்து பன்னீர் ரோஜா அவர் பொறுப்பு. ஊரிலிருந்து போனில்கூட அதைத்தான் முதலில் விசாரிக்கிறார். கவாத்தில் வெட்டிப்போடும் குச்சிகளைக் கேட்டுக் காலனியில் இப்போது ஆள் வருகிறது. பென்சில் கனமுள்ளதாகப் பார்த்து, ஈர மணலில் செருகி நிழலில் வைத்தால் குட்டை ரகங்கள் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். அக்டோபரில் யார் வேண்டுமானாலும் வாருங்கள், வேண்டிய மட்டும் அள்ளிக்கொண்டு போங்கள். பன்னீர் ரோஜாவில் மட்டும் கை வைக்கக் கூடாது, அதற்கு அத்தையிடம் கேட்க வேண்டும்.